தொலைபேசியில் புகும் இடைச்செருகல்

இடைச்செருகல் என்னும் சொல்லைத் தமிழாசிரியர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆசிரியர் யாத்த நூலினுள் பிறர் எழுதியது கலந்து, அதுவும் ஆசிரியர் வாக்கே போல வழங்கி வருதல் அது. இத்தகைய இடைச்செருகல் இன்று அலுவலகத் தொலைபேசிகளிலும் நிகழ்கிறது. கணினி அறிஞர் இதனைக் கட்டளைப் புகுத்தல் என்பர். பெயர் புதிது; பொருள் நமக்குப் பழையதே.

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் முற்காலத்தே தொலைபேசி என்பது பெரும்பாலும் ஆபீசிலும் துரை பங்களாவிலும் மட்டுமே இருந்தது. இன்று மலாக்கா நகரத்து அலுவலகம் ஒன்றில் மேசைக்கொரு தொலைபேசி இருக்கலாம். அவை அனைத்தையும் இணைத்து, குரலை இணையத்தின் வழியே செலுத்துவது ஒரு கணினி நிரல். அத்தகைய நிரல்களுள் பெரிதும் அறியப்பட்டது ஆஸ்டெரிஸ்க். 1999ஆம் ஆண்டில் அமெரிக்கரான மார்க் ஸ்பென்சர் தொடங்கிய அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். அதனை இணையப் பக்கங்களின் வாயிலாக எளிதில் ஆளுதற்கு அமைந்தது ஃபிரீபிபிஎக்ஸ் என்னும் துணை நிரல்.

குறை எவ்வாறு எழுகிறது என்பதற்குத் தோட்டத்துப் பெரட்டை நினைத்துப் பார்க்கலாம். கிராணியார் செக்ரோலில் பெயர் எழுதுகிறார் என்று கொள்வோம். பெயர் கேட்டதும் ஒருவன், "முனியன். முனியனுக்கு இன்று இரட்டைச் சம்பளம் கொடுக்கவும்" என்கிறான். கிராணியாரும் கேட்டதைக் கேட்டபடியே எழுதிவிடுகிறார். பின்னர் அவ்வேட்டைப் படிப்பவர்க்கு முதற்சொல் தொழிலாளியின் பெயராகவும், அடுத்த வாக்கியம் துரையின் ஆணையாகவும் தோன்றும். எந்தக் கிராணியாரும் இவ்வாறு ஏமாறார் என்று நீங்கள் கூறலாம். உண்மையே. ஆனால் கணினி ஏமாறும்.

2012ஆம் ஆண்டில் ஃபிரீபிபிஎக்ஸில் வெளிப்பட்ட குறை இதற்கு நேரான சான்று. குரலஞ்சல்களைக் கேட்கும் இணையப் பக்கத்தில், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று கேட்கும் ஓரிடம் இருந்தது. அங்கு வந்ததை அந்நிரல் ஆராயாமல் ஆஸ்டெரிஸ்க்குக்கு அனுப்பும் ஆணையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடும். அவ்வாணையில் ஒரு வரி முடிந்தால் அடுத்தது புதிய கூறு என்பது விதி. தீயவன் எண்ணை எழுதி, அதன்பின் வரி முடிவுக் குறியை வைத்து, அடுத்த வரியில் 'கணினியின் இன்ன கட்டளையை இயக்குக' என்று எழுதினான். எண்ணுக்குரிய இடத்தில் ஆணை புகுந்தது; கணினி அவன் வசமாயிற்று.

அதற்கு ஈராண்டு முன்னர், 2010இல் ஆஸ்டெரிஸ்க் குழுவினர் வெளியிட்ட எச்சரிக்கை இன்னும் சுவையானது. இணையவழித் தொலைபேசியில் அழைக்கப்படும் 'எண்' வெறும் எண்ணன்று. எழுத்தும் குறியும் அதில் வரலாம். ஆஸ்டெரிஸ்க்கின் அழைப்புக் கட்டளையிலோ '&' என்னும் குறிக்கு, இதையும் அதையும் ஒருங்கே அழை என்று பொருள். நம் இலக்கணத்தில் எண்ணும்மை செய்யும் வேலை அது. ஆகவே 500 என்று கேட்க வேண்டியவன், 500உம் தொலைநாட்டு எண்ணும் என்று பொருள்பட அனுப்பினால் இரண்டும் ஒலிக்கும். இரண்டாவதன் கட்டணம் அலுவலகத்தின் தலையில் விழும். இதனைத் தடுக்கும் முறைகளைக் கூறும் கோப்புக்கு, கருத்தூன்றிப் படிக்க என்னும் பொருளில் 'ரீட்மி சீரியஸ்லி' என்றே அவர்கள் பெயரிட்டனர்!

ஏட்டுச்சுவடியில் இடைச்செருகலை உ. வே. சாமிநாதையர் போன்றார் பல பிரதிகளை ஒப்புநோக்கியும் நடையை ஆராய்ந்தும் கண்டனர். கணினிக்குப் பிரதி ஒன்றே, நடையும் அறியாது. எனவே செருகல் நுழையுமுன் வாயிலிலேயே தடுத்தல் வேண்டும். தீய குறிகளைப் பட்டியலிட்டு விலக்குதல் போதாது. ஒன்றேனும் விடுபட்டுப் போகும். மொழி முதலில் வரும் எழுத்துகளை எண்ணித் தந்த நன்னூலார், வாராதவற்றை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அதுவே நெறி. எண் வேண்டுமிடத்தில் 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் மட்டும் வருக, பிற யாவும் உதிர்க என்று சலித்துவிடல் வேண்டும்.

இவற்றால் வரும் இழப்பு சிறிதன்று. 2020 நவம்பரில் செக் பாயிண்ட் நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டுக்குள் ஏறத்தாழ 1,200 நிறுவனங்களின் இணையத் தொலைபேசி அமைப்புகள் தாக்கப்பட்டதைக் காட்டியது. அங்குப் பயன்பட்டது கடவுச்சொல்லைக் கடக்கும் வேறொரு குறையே. நோக்கம் மட்டும் இதுதான். கட்டணம் மிகுந்த எண்களுக்குப் பிறர் செலவில் அழைப்புகளைச் செலுத்தி, அவ்வருவாயில் பங்கு பெறுவர். 2025 ஆகஸ்டிலும் ஃபிரீபிபிஎக்ஸில், வெளியார் தருவதைச் செவ்வனே சலிக்காமையால் விளைந்த குறையொன்று, திருத்தம் வருமுன்னரே தாக்குவோர் கைப்பட்டது.

பள்ளி, கோயில், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் பொறுப்பு வகிப்போர் நிரல் எழுத வேண்டியதில்லை. தொலைபேசியை அமைத்துத் தந்தவரிடம் மூன்று கேட்டால் போதும். ஆட்சிப் பக்கம் இணையத்தில் எவருக்கும் திறந்துள்ளதா? நிரலின் திருத்தங்கள் கடைசியாக என்று சேர்க்கப்பட்டன? 00 என்று தொடங்கும் வெளிநாட்டு அழைப்பு நமக்குத் தேவையா? மலாக்காவின் 06 எண்களுக்கும் கைப்பேசிகளுக்கும் மட்டுமே பேசுகின்ற அலுவலகம் மூன்றாவதை அடைத்துவிடச் சொல்லலாம். அத்துடன், மாதக் கட்டணச் சீட்டில் தொகையை மட்டும் பாராமல், அழைப்பு நேரங்களையும் பார்த்தல் நன்று. ஆளில்லாத ஞாயிறு நள்ளிரவில் அலுவலகத் தொலைபேசி எவரோடு பேசியது என்பது அங்கே தெரியும்.