கண்ணின்றி வழியறியும் கருவி

1958-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள், நாட்டிலஸ் என்னும் அமெரிக்க அணுவாற்றல் நீர்மூழ்கிக் கப்பல் வடதுருவத்தை நீருக்கடியிலேயே கடந்தது. அதனுள் 116 பேர் இருந்தனர். மேலே பனிக்கட்டிப் பரப்பு. ஆதலின் விண்மீன் நோக்கி இடமறிதல் இயலாது. துருவப் பகுதியில் காந்தத் திசைகாட்டியும் நம்பத்தக்கதன்று. வழி தவறினால் வெளியேறும் இடமறியாது பனிக்கடியில் அலைய நேரும். அவ்வாறாயின், கப்பல் தன் இடத்தை அறிந்தது எங்ஙனம்?

அதற்குத் துணை நின்றது முடுக்கமானி என்னும் கருவி. நின்ற பேருந்து திடீரெனப் புறப்பட்டால் பயணிகள் பின்னே சாய்கின்றனர். நிறுத்தினால் முன்னே சாய்கின்றனர். ஒரே விரைவில் நேரே ஓடுங்கால் சாய்வதில்லை. வில்சுருளில் கட்டிய சிறு எடையின் இயல்பும் இதுவே. ஆகவே முடுக்கமானி காட்டுவது விரைவு அன்று. விரைவின் மாற்றமே ஆகும்.

அம்மாற்றங்களைக் கணந்தோறும் கூட்டினால் விரைவு கிட்டும். அவ்விரைவைக் கொண்டு மீண்டும் கூட்டினால் கடந்த தொலைவு கிட்டும். நின்ற நிலையிலிருந்து புறப்படும் ஊர்தியின் விரைவு ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 2 மீட்டர் வீதம் கூடுமாயின், 5 வினாடி முடிவில் அதன் விரைவு வினாடிக்கு 10 மீட்டர். கடந்த தொலைவு 25 மீட்டர். புறப்பட்ட இடம் தெரிந்திருப்பின், சேர்ந்த இடமும் தெரியும்.

ஈண்டு ஓர் இடர் உண்டு. கருவி சற்றே சாய்ந்தாலும், புவியீர்ப்பு அவ்வெடையை இழுத்துவிடும். அது சாய்வால் வந்ததா, ஓட்டத்தால் வந்ததா என முடுக்கமானி பிரித்தறியாது. எனவே கைரோஸ்கோப் என்னும் சுழற்கருவி தேவையாயிற்று. விரைந்து சுழலும் பம்பரம்போல் அது தன் அச்சின் திசையை மாற்றாது காக்கும். நாட்டிலஸில் முடுக்கமானிகளைத் தாங்கிய மேடையைச் சமநிலையில் வைத்தவை இத்தகைய சுழற்கருவிகளே.

இன்றைய கைப்பேசியிலும் மிகச் சிறிய முடுக்கமானி உண்டு. அசையாதிருக்கையில் அது புவியீர்ப்பைக் கொண்டு கீழ்த்திசையை உணர்கிறது. கைப்பேசியைத் திருப்பியதும் படம் நிமிர்வது அதனாலேயே. எனினும், நடந்த வழியைக் கணிக்க அதனை மட்டும் நம்பலாகாது. வினாடிக்கு வினாடி 1 மில்லிமீட்டர் என்னும் அளவே பிழை நிலைத்திருப்பினும், திருத்தாது விட்டால் 1 நிமிடத்தில் 1.8 மீட்டரும், 1 மணியில் ஏறத்தாழ 6.5 கிலோமீட்டரும் இடம் தவறும். காலம் இரட்டித்தால் தவறு நான்மடங்காகும்.

நாட்டிலஸ் 96 மணி நேரத்தில் 1,830 மைல் பனிக்கடியிற் சென்று, கிரீன்லாந்தின் வடகிழக்கே நலமாக வெளிவந்தது. சிறந்த கருவிகளே அதனை வழிநடத்தின. ஆயினும், தன்னுள்ளேயே கணக்கிட்டுச் செல்லும் கருவி எதுவாயினும், இடையிடையே வெளியுலகோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுதல் இன்றியமையாததாம்.