காந்தள் நஞ்சும் மாட்டு மூளையும்

காட்டோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வேலிப் புதரில் ஏறிப் பூக்கும் செங்காந்தளை, கண்வலிக்கிழங்கு என்றால்தான் உழவர்களுக்குத் தெரியும். மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். விதையில் உள்ள கோல்சிசின், கவுட் எனும் மூட்டுவலிக்கு மருந்து. அளவு கொஞ்சம் மீறினாலும் நஞ்சு. இரண்டுக்கும் வழி ஒன்றே: செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதத்தில் அது ஒட்டிக்கொள்கிறது. டியூபுலின் மணிகள் கோத்தாற்போல் சேர்ந்து நுண்குழல்களாகிச் செல்லைத் தாங்குகின்றன. செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பங்கிடுபவையும் அவையே. கோல்சிசின் ஒட்டிய மணி, கோவையை நீளவிடாது. இந்தப் புரதத்தை நமக்குக் காட்டிக்கொடுத்ததும் கோல்சிசின்தான்: 1967இல் சிகாகோவில் போரிசியும் டெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கோல்சிசினைத் தூண்டிலாக்கி அதைப் பிடித்தார்கள். ஒட்டியதும் கோல்சிசின் ஒளிர்வதை 1974இல் பவதாரக் பட்டாச்சார்யாவும் ஜான் வுல்ஃபும் காட்டியபின், ஒட்டுதலை ஒளியாலேயே அளக்க முடிந்தது.

ஆய்வகங்கள் நெடுங்காலமாக டியூபுலினை மாட்டு மூளையிலிருந்தோ பன்றி மூளையிலிருந்தோதான் பிரித்தெடுக்கின்றன. மூளையில் அது ஏராளம். ஆனால் ஒரு மருந்து மனித உடலில் எப்படி வேலை செய்யும் என்று சொல்ல வேண்டுமானால், மனித மரபணுவைக் கொண்டு வகைவகையாகத் தயாரித்த டியூபுலினில்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. மாட்டின் டியூபுலினும் மனிதனுடையதும் ஏறக்குறைய ஒன்றுதானே என்பார்கள். உண்மைதான், சிக்கல் மாட்டில் இல்லை, மூளையில் இருக்கிறது. மாட்டு மூளை டியூபுலின், பீட்டா வகைகள் பலவற்றின் கலவை. பீட்டா-2 வகை அதில் பாதிக்கும் மேல், பீட்டா-3 கால்பங்கு. நம் உடலின் பெரும்பாலான செல்கள் நம்பியிருக்கும் பீட்டா-1 ஏறக்குறைய 3 சதவீதம்தான். இவ்வகைகளைப் பிரித்து அளந்தபோது, பீட்டா-3ஐவிடப் பீட்டா-4இல் கோல்சிசின் 20 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்தது. அப்படியானால் கலவையில் கிடைக்கும் எண் மூளையின் சராசரி. கவுட்டில் மூட்டுக்குள் படையெடுக்கும் வெள்ளையணுவின் கணக்கு அதில் இல்லை.

இன்சுலினைப் போல மனித டியூபுலினைப் பாக்டீரியாவில் தயாரிக்க முடியாது. டியூபுலின் சரியாக மடிய, பாக்டீரியாவிடம் இல்லாத துணைப் புரதங்கள் வேண்டும். 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பூச்சிச் செல்களில் மனித டியூபுலினைத் தயாரித்துக் காட்டினார்கள். செலவு அதிகம், கிடைப்பது கொஞ்சம் என்ற குறை நியாயமானதே. மாணவர் பயிற்சிக்கும் முதற்கட்டச் சோதனைக்கும் மூளை டியூபுலின் போதும். செல்லுக்குள் டியூபுலின்மேல் ஏறும் வேதி மாற்றங்கள் பல இப்படித் தயாரித்த டியூபுலினில் இருக்காது என்பது இன்னொரு மறுப்பு. அதை நான் குறையாகக் கருதவில்லை. வெறுமையான புரதத்தில் ஒவ்வொரு மாற்றத்தையும் நொதியால் ஏற்றினால்தான் எது என்ன செய்கிறது என்று தெரியும். பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்தில் மின்ஹாஜுதீன் சிராஜுதீனின் குழு ஆராய்வதும் இந்த மாற்றங்களைத்தான்.

காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். விதையை மூட்டை மூட்டையாக ஏற்றுமதி செய்யும் நாம், அதன் மருந்து மனித டியூபுலினின் எந்த வகையில் எவ்வளவு ஒட்டுகிறது என்பதை நம் பல்கலைக்கழகங்களிலேயே அளக்க வேண்டும். அதற்கான நிதியை அரசு ஒதுக்க வேண்டும்.