எடுபிடி குழந்தையான கதை

மனிதர்களைப் போலவே சொற்களுக்கும் தலையெழுத்து உண்டு போலிருக்கிறது! 'கர்ஸோன்' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பாருங்கள். இன்று அதற்குப் 'பையன்' என்று பொருள். பழைய நாளிலோ எடுபிடி ஆள், அற்பன் என்றெல்லாம் அர்த்தம். நாடு கடத்தப்பட்டவனைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லே அதன் வேர் என்கிறார்கள் மொழி ஆராய்ச்சியாளர்கள். 'பரிதாபத்துக்குரியவன்' எனப் பொருள்படும் 'ரெட்ச்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதற்கு உறவாம்!

1169-ல் நார்மன் வீரர்கள் வேல்ஸிலிருந்து கடல் கடந்து அயர்லாந்தில் இறங்கினார்கள். வாளோடு பிரெஞ்சு மொழியும் வந்தது. அவர்கள் கட்டிய கோட்டைகள் பல பாழடைந்துவிட்டன. சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது. ஐரிஷ்காரர்கள் வாயில் அது 'கார்ஸூன்' என்றும் 'கஸூர்' என்றும் உருமாறியது. மேற்கே கானமாரா பகுதியில் 'கஸூர்' என்றால் குழந்தை. ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி!

பிரான்ஸில் என்ன ஆயிற்று? உணவு விடுதிகளில் பரிமாறுபவரைக் 'கர்ஸோன்!' என்று நெடுங்காலம் கூப்பிட்டு வந்தார்கள். இப்போது அப்படி அழைப்பது மரியாதைக் குறைவு. 'ஐயா' என்று பொருள்படும் 'மொஸியே' என்றுதான் அழைக்க வேண்டும்.

பிறந்த வீட்டில் அந்தச் சொல்லை விட்டு ஏவலின் வாடை இன்னும் முழுதும் போகவில்லை. புகுந்த வீடோ அதை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கிறது!