கடல் விலகிய தெரு

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் காலாற நடந்தால் முதலில் கண்ணில் படுவது காபிக் கடைகளும் மதியச் சாப்பாட்டுக்கு விரையும் அலுவலகக் கூட்டமும்தான். நாலு எட்டு வைத்ததும் ஒரு புதிர் எதிர்ப்படும். ஒரே சாரியில் அல் அப்ரார் பள்ளிவாசல், கடல் தாய் மாசுவுக்குச் சீனர்கள் எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயில், நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. மூன்றும் கடல் தாண்டி வந்தவர்கள் கும்பிட்ட இடங்கள். கடலைத்தான் காணோம்.

அன்று இந்தத் தெருவே கடற்கரை. தெற்குச் சீனத்திலிருந்து பாய்க்கப்பலில் வந்து இறங்கியவர்கள், உயிரோடு கரை சேர்த்ததற்கு மாசுவுக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் வேலை தேடப் போனார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1827இல் ஒரு குடிசையில் தொழத் தொடங்கினார்கள். இன்று கட்டடமாக நிற்கும் அல் அப்ராருக்குத் தமிழர் வாயில் ‘குச்சுப் பள்ளி’ என்றே பெயர். 1828 முதல் 1830 வரை சூலியாக்கள் கட்டியதுதான் தர்கா. நாகூர் ஆண்டவரான ஷாகுல் ஹமீது ஒலியுல்லாஹ் அடங்கியிருப்பது நம் நாகூரில். இங்கிருப்பது அவர் நினைவிடம். முகப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கீழே ஐரோப்பியத் தூண்களும் வளைவுகளும்; மேலே பொடிப்பொடிச் சன்னல்கள் வைத்த, குட்டி அரண்மனை போன்ற கைப்பிடிச் சுவர்; இரு முனைகளிலும் அடுக்கடுக்காய் உயரும் மினாராக்கள்.

1880களில் கடலைத் தூர்த்தார்கள். அந்த மண்ணின்மேல்தான் செசில் ஸ்திரீட்டும் ராபின்சன் ரோடும் வந்தன. பிறகும் தூர்ப்பது நிற்கவில்லை. அலை வந்து மோதிய இடத்துக்கும் இன்றைய கரைக்கும் நடுவே வானளாவிய வங்கிக் கட்டடங்கள். 2008இல் மரினா அணை எழுந்தபின், எஞ்சியிருந்த விரிகுடாவும் உப்பு நீங்கி நன்னீர்த் தேக்கமாகிவிட்டது.

தெலுக் ஆயரிலிருந்து சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குப் பொடிநடைதான். போட் கீயில் ஒரு காலத்தில் தொங்கான்களும் சீனத் தோணிகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன. வழி தெரியட்டும் என்று தோணியின் முகப்பில் கண் வரைந்திருப்பார்கள். தொடக்க காலத்தில் இந்தச் சரக்குப் படகுத் தொழிலில் சூலியாக்களின் கை ஓங்கியிருந்தது. பிறகு சீனர் கைக்குப் போனது. 1977இல் தொடங்கிய ஆற்றுத் துப்புரவின்போது, 1983இல் படகுகள் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பப்பட்டன. அரிசி மூட்டை அடுக்கிய கடைவீடுகள் இன்று உணவகங்கள், மதுக்கூடங்கள்.

ஆற்றுக்குச் சற்று உள்ளே மார்க்கெட் ஸ்திரீட். இங்கேதான் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. நீளமான கூடம், ஆளுக்கொரு மேசைப் பெட்டி, பக்கத்தில் ஒரு அலமாரி. பகலில் தரையில் அமர்ந்து வட்டிக்கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரித்தவர்களும் உண்டு. நகரச் சீரமைப்பில் எல்லாம் இடிபட்டு, இன்று அங்கே கண்ணாடிக் கோபுரங்கள். அதே நகரத்தார் 1859இல் டேங்க் ரோட்டில் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் மட்டும் புதுக்கட்டடத்தில் இன்றும் தைப்பூசத்துக்குக் காவடிகளை வரவேற்கிறது.

இந்தக் கரையைச் சுற்றி வந்தால் ஒன்று பிடிபடும்: சாமி கும்பிட்ட இடங்கள் நின்றன, பாடுபட்ட இடங்கள் போயின. தியான் ஹொக் கெங் 1973இலும், தர்காவும் அல் அப்ராரும் 1974இலும் தேசிய நினைவுச் சின்னங்களாயின. கிட்டங்கிக்கு அப்படி ஒரு அறிவிப்பு வரவில்லை; போட் கீயில் சுவர்களைக் காத்தார்கள், தொழில் காப்பாற்றப்படவில்லை. ஆற்றின் நாற்றம் போனதில் எவருக்கும் வருத்தமிருக்காது. ஆனால் ஊரை வளர்த்தது ஊதுபத்தியோடு மூட்டையும் கணக்கேடும்தான். அவற்றுக்கும் ஒரு கூரையை விட்டு வைத்திருந்தால், வந்தவர்கள் எதைக் கும்பிட்டார்கள் என்பதோடு எப்படிப் பிழைத்தார்கள் என்பதையும் இந்தத் தெருக்களே சொல்லியிருக்கும்.