மீட்பு விமானம் ஓட்டியவர்களின் சம்பளச் சீட்டு

2020 மே 7 அன்று அபுதாபியிலிருந்து கொச்சிக்கும் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் விமானங்கள் கிளம்பின. கொரோனா காலத்து ‘வந்தே பாரத்’ மீட்புப் பயணங்களின் முதல் நாள் அது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு அரிது. வேலை போய், விசா முடிந்து, அறைக்குள் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளின் பெயர் தூதரகப் பட்டியலில் வந்துவிட்டதா என்று வீடுகள் தவித்த நாட்கள் அவை. ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து சுமார் 700 பேரை ஐ.என்.எஸ். ஜலஸ்வா கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. வளைகுடாவிலிருந்து வந்தவர்களோ பெரும்பாலும் விமானத்தில்தான் வந்தார்கள்.

இந்தப் பயணங்களை முன்னின்று நடத்தியது அன்று அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியா. அதன் விமானிகளின் சம்பளம் அதே மாதங்களில் வெட்டப்பட்டது. “லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கு என்ன குறை?” என்று அன்று பலர் கேட்டார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்தால் விஷயம் புரியும். விமானியின் வருமானத்தில் அடிப்படைச் சம்பளம் சிறு பங்குதான். பெரும்பங்கு பறக்கும் நேரத்துக்கான படி. மாதம் 70 மணி நேரத்துக்கான படி ஏர் இந்தியாவில் உறுதி செய்யப்பட்டிருந்தது. 2020 ஜூலையில் வந்த ஆணை அந்தப் படியில் 40 சதவீதத்தைக் குறைத்தது. உறுதியளித்த மணி நேரத்தையும் சுருக்கியது. அதுவும் ஏப்ரல் முதல் தேதியிட்டு. யாருடைய அடிப்படைச் சம்பளத்திலும் கை வைக்கவில்லை என்றது விமானப் போக்குவரத்து அமைச்சகம். சொன்னது உண்மைதான். ஆனால் விமானியின் வீட்டுக்கடனும், விமானம் ஓட்டப் படிக்க வாங்கிய கடனும் படியை நம்பித்தான் ஓடின.

நிறுவனங்களின் நஷ்டமும் பொய்யில்லை. 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டில் பயணிகள் விமானமே பறக்கவில்லை. அமெரிக்காவில் செப்டம்பர் 30 வரை ஆட்குறைப்பு கூடாது என்ற நிபந்தனையோடு, ஊழியர் சம்பளத்துக்கென்றே அரசு பணம் கொடுத்தது. இங்கே அப்படி எதுவும் இல்லை. சுமை நேராக ஊழியர் தலையில் இறங்கியது. இண்டிகோ 10 சதவீத ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது. அதன் விமானிகளின் சம்பளத்திலும் 30 சதவீதம் வரை வெட்டு விழுந்தது.

இந்திய வணிக விமானிகள் சங்கமும் இந்தியன் பைலட்ஸ் கில்டும் ஏர் இந்தியாவிடம் எழுப்பிய முக்கியப் புகார், எங்களோடு பேசி முடிக்காமல் ஆணை போட்டீர்கள் என்பதே. மேலதிகாரிகளுக்கு விழுந்த வெட்டு மிகச் சிறியது என்பது அடுத்தது. இரண்டும் நியாயமான புகார்கள் என்பதே என் எண்ணம். அதே ஜூலையில், திறமை, உடல்நலம் போன்றவற்றை வைத்து ஊழியரைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பவும், அந்த விடுப்பை ஐந்து ஆண்டு வரை நீட்டிக்கவும் நிர்வாகத் தலைவருக்கு அதிகாரம் தரப்பட்டது.

ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து வந்த மீட்பு விமானம் கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. இருந்த 190 பேரில் 21 பேர் இறந்தார்கள், விமானிகள் இருவரும் அதில் அடக்கம். அடுத்த வாரமே, முன்பு ராஜினாமா கொடுத்துவிட்டுப் பின்னர் அதைத் திரும்பப் பெற்றிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட விமானிகளை ஏர் இந்தியா வேலையை விட்டு அனுப்பியது. அது செல்லாது, நிலுவைச் சம்பளத்தோடு மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 2021 ஜூன் 1 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

பிடிக்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போகலாமே? விமான ஒழுங்குமுறை இயக்ககத்தின் 2017 விதிப்படி, கேப்டன் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும். போய்ச் சேரவும் அன்று இடமில்லை. வேலைநிறுத்தம் என்றால், அன்றைய தொழில் தகராறு சட்டத்தில் விமான சேவை பொதுப் பயன்பாட்டுச் சேவையாக இருந்தது; 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் இறங்கினால் சட்டவிரோதம். இப்படிக் கை கட்டப்பட்டவர்களுக்கு மிஞ்சிய ஆயுதம் 2021 மே 4 அன்று வெளிப்பட்டது. விமானக் குழுவினருக்குத் தடுப்பூசி முகாம் நடத்தாவிட்டால் பறக்க மாட்டோம் என்றது வணிக விமானிகள் சங்கம். அன்றைக்கே, மாத இறுதிக்குள் எல்லோருக்கும் ஊசி போடுவதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்தது. நோயோடு வந்தவர்களையும் ஏற்றிப் பறந்தவர்கள் ஓர் ஊசிக்கு மிரட்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

வெட்டிய சம்பளம் பிறகும் விடாமல் துரத்தியது. 2022 ஏப்ரலில், சம்பள வெட்டை எதிர்த்து வேலைநிறுத்தத்துக்குத் திட்டமிட்டதாகச் சில விமானிகளை இண்டிகோ இடைநீக்கம் செய்தது. அவ்வாண்டு ஜூலை 2 அன்று அதன் விமானங்களில் பாதிக்கும் மேல் தாமதம்: விமானப் பணிக்குழுவினர் பலர் உடல்நலக் குறைவு என்று விடுப்பு போட்டுவிட்டு, டாடாவிடம் போயிருந்த ஏர் இந்தியாவின் ஆள்சேர்ப்புக்குப் போனதாகச் செய்திகள் வந்தன. வெளிநாட்டிலும் இதே கதைதான்: ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் 2020இல் விமானிகளைக் குறைந்த சம்பள ஒப்பந்தத்துக்கு மாற்றியது. 2023 ஆண்டிறுதி விடுமுறையில் விமானிகள் போதாமல் விமானங்களை ரத்து செய்தது.

நம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை. உச்சிப்புளியில் இருப்பது கடற்படைத் தளம். கீழக்கரைக்காரர் மதுரைக்கோ திருச்சிக்கோ போய்த்தான் விமானம் ஏற வேண்டும்; அங்கே ஒரு விமானம் ரத்தானால் பெட்டியோடு இரவு முழுக்கக் கிடப்பதும் அவர்தான். அடுத்த நெருக்கடி வரும்முன் ஒன்றிய அரசு ஒரு விதியைக் கொண்டுவர வேண்டும்: சங்கத்தோடு பேசாமல் சம்பள வெட்டு கூடாது; வெட்டும் ஆணையிலேயே அது முடியும் தேதியும் இருக்க வேண்டும். இதை நம் மக்களவை உறுப்பினர்கள் அவையில் கேட்கட்டும்.