நிலக்கரியின் கையொப்பம்

"பூமி முந்தியும் சூடாகிக் குளிர்ந்ததுதானே சேர், இப்ப மட்டும் ஏன் மனிசன்ல பழி?" என்று கேட்டான் தரம் 11 மாணவன். அவன் வாப்பா வயல் செய்கிறவர். இயற்கையென்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவனுக்கு. தமிழ் படிப்பிக்கிற எனக்கு உடனே பதில் வரவில்லை. தேடி வாசித்தேன்.

பாதி சரிதான். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மாறுவதால் பனியுகங்கள் வந்து போயின. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் எடுக்கும். இதுவோ ஒரு மனித ஆயுளுக்குள் நடந்தது: ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

யார் விட்ட புகை? காபன்-14 சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகத் தேயும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியில் அது மிச்சமேயில்லை. அந்தப் புகை கலக்கக் கலக்க, காற்றிலுள்ள காபன்-14இன் விகிதம் குறைந்தது. 1950களில் ஹான்ஸ் சூஸ் அதை மரவளையங்களில் கண்டார். எரிமலைப் புகையிலும் அது இல்லைதான். ஆனால் எரிமலைகள் விடுவது, நாம் விடுவதில் நூறிலொரு பங்குமில்லை.

சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். அது குளிர்ந்து வருகிறது.

அடுத்த கிழமை இதைச் சொன்னேன். "மேல குளிருதா சேர்?" என்று கூரையைப் பார்த்தான்.