தண்ணீர் லாரியும் குறைமாதக் கண்ணும்

‘குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயைச் செயற்கை நுண்ணறிவே கண்டுபிடித்துவிடுமாமே, இனி கவலை இல்லைதானே?’ என்று படப்பை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மென்பொருள் படத்தைப் பார்த்துச் சொல்லும், நன்றாகவே சொல்லும். ஆனால் படம் எடுக்கக் குழந்தை வந்தாக வேண்டுமே! ஆர்.ஓ.பி. எனப்படும் இந்த நோயில் பறிபோகும் பார்வைக்குப் பின்னால் பெரும்பாலும் தவறிப்போன ஒரு தேதி இருக்கிறது. ஏன் என்பதை நோயின் போக்கே சொல்லிவிடும்.

கருவின் 16ஆவது வாரம் வாக்கில் பார்வை நரம்பருகே புறப்படும் ரத்தநாளங்கள், விழித்திரையின் ஓரத்தைத் தொடப் பிரசவ நாள் நெருங்கிவிடும். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஓரமெல்லாம் வெறும் தரை. ஒரகடம் சாலையோரம் மனை பிரித்த புது நகர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் மெயின் ரோடு வரைதான் வந்திருக்கிறது. தண்ணீர் இல்லாத வீடுகள் பஞ்சாயத்துக்கு மனுப் போடும். மனு வந்த திசையில் குழாய் நீளும். கண்ணில் அந்த மனுவின் பெயர் விஇஜிஎஃப், ஆக்சிஜன் பற்றாத திசுக்கள் சுரக்கும் புரதம். இன்குபேட்டரில் கொடுக்கும் ஆக்சிஜன் இலவசத் தண்ணீர் லாரி மாதிரி. லாரி வந்தால் யார் மனுப் போடுவார்கள்? குழாய் வேலை நின்றுவிடும். சில வாரங்களில் வீடுகளில் ஆள் பெருகி, லாரியும் நின்றதும் நகர் முழுக்க ஒரே நாளில் மனு. பதறிப்போன ஒப்பந்ததாரர் கண்ட இடத்தில் குழாய் பதிக்கிறார். அது ஒழுகுகிறது, சுவரேறிக் கண்ணின் நடுக்கூழுக்குள் நீள்கிறது, தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரையையே பெயர்த்துவிடுகிறது. லேசர் சிகிச்சை, ஓரத்து வீடுகளை இடித்து மனுவை நிறுத்துவது. பக்கப்பார்வை கொஞ்சம் போகும், நடுப்பார்வை பிழைக்கும். ஊசி மருந்து, மனுக்களைத் தபாலிலேயே மடக்குவது. வீடுகள் அப்படியே நிற்பதால் மறுபடி மனு எழுதலாம். ஆகவே ஊசி போட்ட குழந்தையை இன்னும் நீண்ட நாள் கண்காணிக்க வேண்டும். ஒரே ஊசியில் முடிந்தது என்று சொல்பவரை நம்பவேண்டாம்.

அப்படியானால் லாரியையே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். 1942இல் பாஸ்டனில் டெர்ரி இந்நோயை விவரித்தார். 1951இல் மெல்போர்னில் கேட் கேம்பெல் ஆக்சிஜன் மேல் சந்தேகப்பட்டார். பிறகு ஆக்சிஜனைக் கண்டபடி குறைத்தார்கள். கண் தப்பியது, குழந்தைகள் இறந்தன. 2010இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்விலும் ரத்த ஆக்சிஜனை 85-89 சதவீதத்தில் வைத்தபோது கடும் நோய் குறைந்தது, இறப்பு கூடியது. ஆகவே அளந்துதான் கொடுக்க வேண்டும். அளக்கும் கருவியும் கலக்கும் கருவியும் எல்லா இடத்திலும் இல்லாத நம் நாட்டில், ஓரளவு எடையுள்ள குழந்தைகளுக்கும் இந்நோய் வருகிறது. அமெரிக்காவில் 1,500 கிராம் வரை கட்டாயம் பார்க்கிறார்கள் என்றால் இங்கே 2,000 கிராமுக்குக் கீழே அல்லது 34 வாரத்துக்கு முன்னே பிறந்த எல்லோரையும் பார்க்கச் சொல்வது அதனால்தான். முதல் பரிசோதனை 30 நாளுக்குள். மிகச் சிறிய குழந்தைக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே.

சிக்கல், நோய் முற்றும் காலமும் குழந்தை எடை கூடி வீட்டுக்குப் போகும் காலமும் ஒன்றாக இருப்பது. வெளியே கண் பளிச்சென்றுதான் இருக்கும். 1996இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறந்த குழந்தைக்கு இந்தப் பரிசோதனை வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாலரை மாதத்தில் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மொத்தம் சுமார் 1.8 கோடி ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. இன்று விவரம் தெரிந்த மருத்துவமனைகள் அதிகம்தான். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் ஷிஃப்ட் பார்க்கும் வாடகைவீட்டுத் தம்பதிக்கு டிஸ்சார்ஜ் ஆனதும் தாய்வீட்டுக்கு, வேறு மாவட்டத்துக்கு, சிலசமயம் வேறு மாநிலத்துக்கே போவது வழக்கம். சிகிச்சை தேவை என்று தெரிந்தபின் கையில் இருப்பதோ இரண்டு மூன்று நாள். பெங்களூருவில் நாராயண நேத்ராலயா 2008இல் தொடங்கிய திட்டமும், கோவை அரவிந்த் கண் மருத்துவமனையின் திட்டமும் குழந்தையை வரச்சொல்லாமல், பயிற்சி பெற்ற பணியாளரையும் கேமராவையும் ஊர் ஊராக அனுப்புகின்றன. அமெரிக்காவில் உருவான பேர்பெற்ற மென்பொருள் ஒன்று சோதிக்கப்பட்டதும் அந்தக் கோவைத் திட்டத்தில் எடுத்த படங்களை வைத்துத்தான்.